வெளிநாடு போகும்போது: ஊர் நம்பர் உயிரோடு இருக்கட்டும், நெட்டுக்கு வேறு வழி பார்க்கலாம்

காட்பாடியில் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். நம்ம வேலூர்ப் பக்கத்தில் உலகத்தின் எந்த மூலைக்கும் போகிற ஆள் கிடைப்பார். வி.ஐ.டி. பிள்ளைகள் ஒரு செமஸ்டருக்கு ஜெர்மனி போவார்கள். மேல்விஷாரம், பேரணாம்பட்டிலிருந்து உம்ராவுக்குப் போவார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிக்காரர்கள் மிலான், ஹாங்காங் என்று கண்காட்சிக்கு ஓடுவார்கள். பேத்தி பிறந்திருக்கிறாள் என்று அமெரிக்காவுக்குக் கிளம்பும் அம்மாக்கள் கணக்கு தனி. எல்லோரும் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வருவார்கள். வந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்கள்: "அண்ணே, ரோமிங் போட்டு விடுங்க."

போட்டு விடலாம், ரெண்டு நிமிஷ வேலை. ரோமிங் என்றால் நம்ம ஊர் சிம் வெளிநாட்டு டவரில் ஓடுவது. ஆனால் அது எல்லோருக்கும் சரிவராது. முதல் தடவை போகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். உங்கள் போனில் இருக்கிற நம்பர் வேறு, நெட் வேறு. நம்பர் என்பது உங்கள் பேங்க், ஆதார், வாட்ஸ்அப் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிற ஆணி. அதைப் பிடுங்கக் கூடாது. நெட் என்பது தண்ணீர் மாதிரி, எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே பிடித்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே சிம்மிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு ரிட்டையர்டு டீச்சர் வருவார். சிங்கப்பூரில் மகள் வீட்டுக்கு மூன்று மாதம் போனார். இறங்கியதும் மருமகன் உள்ளூர் சிம் வாங்கிப் போட்டுவிட்டார். நம்ம ஊர் சிம்மைக் கழற்றி, ஒரு துண்டுப் பேப்பரில் மடித்து, குங்குமச் சிமிழோடு பர்ஸில் வைத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பென்ஷன் கணக்கைப் பார்க்க பேங்க் ஆப்பைத் திறந்தால், ஓடிபி கேட்கிறது. பர்ஸிலிருந்து சிம்மை எடுத்துப் போட்டால் சிக்னலே இல்லை. ரீசார்ஜ் முடிந்திருந்தது, ரோமிங்கும் திறக்கவில்லை. "தம்பி, சிம்மு கையில இருக்கு, நம்பர் இல்லைன்னு சொல்லுதே" என்று எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். இங்கிருந்து ரீசார்ஜ் செய்து, மகளை விட்டு ஆப்பில் ரோமிங்கைத் திறக்க வைத்து, சரியாக ஒரு நாள் ஆனது.

முதலில்: எவ்வளவு நெட் வேண்டும்?

இந்தக் கேள்விக்கு "அன்லிமிடெட் போட்டுடுங்க" என்பார்கள். இங்கே தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று வாங்கிப் பழகிய கை. அங்கே அது தேவைப்படாது. தங்கும் இடத்தில் பெரும்பாலும் வைஃபை இருக்கும். தெருவில் நடக்கிற நேரத்துக்கு மட்டும்தான் மொபைல் நெட்.

தோராயக் கணக்கு இது. வாட்ஸ்அப்பில் பேச்சு மட்டும் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 எம்பி. முகம் பார்த்துப் பேசினால் அதே ஒரு மணி நேரம் 300 எம்பி அளவுக்குப் போகும், கிட்டத்தட்டப் பத்து மடங்கு. மேப்பில் வழி பார்ப்பது மணிக்குச் சில எம்பிதான். யூடியூப் சாதாரணத் தரத்தில் மணிக்கு அரை ஜிபி, தரம் கூட்டினால் ஒரு ஜிபியைத் தாண்டும். ஆக மேப், மெசேஜ், கொஞ்சம் பேச்சு என்று இருப்பவருக்கு ஒரு வாரத்துக்கு 2 முதல் 3 ஜிபி போதும். வழியில் சீரியல் பார்ப்பவர்கள் தனியாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வைஃபையில் டவுன்லோடு செய்து எடுத்துப் போங்கள்.

அப்புறம்: போன் எதற்கு ஒத்துக்கொள்ளும்?

போன் பேட்டில் *#06# என்று அழுத்துங்கள். ஐஎம்ஈஐ நம்பரோடு ஈஐடி என்று ஒரு நீள நம்பரும் வந்தால் உங்கள் போனில் இ-சிம் வசதி இருக்கிறது, அதாவது கார்டு இல்லாமலே சிம்மைப் போனுக்குள் ஏற்றிக்கொள்ளலாம். ஐபோனில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் உண்டு. சாம்சங்கில் எஸ்20 வரிசை முதல், பிக்சலில் 3 முதல் பார்க்கலாம். சீனாவில் விற்ற ஐபோன்களில் பொதுவாக இ-சிம் இருக்காது, இரண்டு சிம் போடுகிற தட்டுதான் இருக்கும். அதற்கு நேர் எதிர், அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-உம் அதற்குப் பிந்தியவையும். அவற்றில் சிம் தட்டே கிடையாது.

இன்னொரு சிக்கல் நம் ஊரில் அடிக்கடி வருவது. "அமெரிக்காவிலிருந்து பையன் அனுப்பின போன்" என்று பெருமையாக நீட்டுவார்கள். அங்கே தவணையில் வாங்கிய போன் அந்தக் கம்பெனிக்கே பூட்டப்பட்டிருக்கலாம். அந்தப் பூட்டைத் திறக்காத வரை வேறு எந்த ஊர் சிம்மையும் அது எடுக்காது. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய் 'கேரியர் லாக்' என்ற வரியைப் பாருங்கள். சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருந்தால் கவலை இல்லை. இந்தியாவில் கடையில் வாங்கிய போனுக்குப் பொதுவாக இந்தப் பிரச்சினை வராது.

ரொம்பப் பழைய போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் 2022-இலும் சிங்கப்பூரில் 2024-இலும் 3ஜியை மூடிவிட்டார்கள். 4ஜியில் பேசும் வோல்டிஇ வசதி இல்லாத போன் அங்கே பேச உதவாது.

மூன்று வழிகள்

ஒன்று, ரோமிங் பேக். உங்கள் சிம் அப்படியே இருக்கும், அந்த ஊர் டவரில் ஓடும். நம்பரும் நெட்டும் ஒரே இடத்தில். வசதி அதிகம், ஜிபி கணக்கில் பார்த்தால் விலையும் அதிகம். மூன்று, நான்கு நாள் வேலையாகப் போய் வருகிறவர்களுக்கும், போனில் எதையும் தொட பயப்படுகிற பெரியவர்களுக்கும் இதுதான் சரி. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். நீங்கள் போகிற நாடு பட்டியலில் இருக்கிறதா, வழியில் விமானம் மாறுகிற நாடும் இருக்கிறதா, ஒரு நாள் என்றால் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது. 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தால் அதன் கீழே சின்ன எழுத்தில் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும் என்று இருக்கும். அதுதான் உண்மையான அளவு.

விமானம் மாறுகிற நாட்டை ஏன் சொல்கிறேன் என்றால், அதில் அடிபட்டவன் நான். முதல் தடவை சிங்கப்பூர் போனது கொழும்பு வழியாக. சிங்கப்பூருக்கு மட்டும் பேக் போட்டிருந்தேன். கொழும்பில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது நேரம் பார்க்க ஃப்ளைட் மோடை எடுத்தேன். டேட்டா ரோமிங் ஆன். வாலாஜா டோல்கேட்டிலிருந்து மீனம்பாக்கம் வரை எடுத்த போட்டோக்களை எல்லாம் போன் உட்கார்ந்து மேலே ஏற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. போஸ்ட்பெய்டு சிம். அந்த மாத பில் நாலாயிரத்துச் சொச்சம் கூடுதலாக வந்தது. ஊருக்கெல்லாம் ரோமிங் போட்டுவிடுகிறவனுக்கு இந்தக் கதி என்று வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

இரண்டாவது வழி, போய் இறங்கி உள்ளூர் சிம் வாங்குவது. ஒரே நாட்டில் பத்து நாளுக்கு மேல் என்றால் பெரும்பாலும் இதுவே மலிவு. உள்ளூர் நம்பரும் கிடைக்கும், டாக்சிக்காரர் கூப்பிட உதவும். பாஸ்போர்ட் கையில் வேண்டும். சிங்கப்பூரில் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 மூன்றும் பயணிகளுக்கென்றே சிம் வைத்திருக்கின்றன. செவன்-லெவன் கடையிலும் கிடைக்கும். மலேசியாவில் ஹாட்லிங்க், செல்காம்டிஜி, யூ மொபைல். இலங்கையில் டயலாக், மொபிடெல் கவுன்டர்கள் விமான நிலைய வாசலிலேயே இருக்கும். ஹாங்காங்கில் 2022 மார்ச் முதல் பெயர் பதிவு கட்டாயம். சவூதியில் விரல் ரேகை வைக்க வேண்டும், அதனால் உம்ரா கூட்டத்தோடு இறங்குகிற நாளில் அந்த கவுன்டரில் நிற்கப் பொறுமை வேண்டும்.

விமான நிலையக் கவுன்டரில் விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனாலும் வயதானவர்கள் அங்கேயே வாங்குவது நல்லது. சிம்மைப் போட்டு, நெட் வருகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

ஐரோப்பா போகிறவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல சேதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல், ஒரு உறுப்பு நாட்டு சிம்மை மற்ற நாடுகளில் உள்ளூர் விலைக்கே பயன்படுத்தலாம். மிலானில் வாங்கிய சிம்மை எடுத்துக்கொண்டு ஜெர்மனி வரை போகலாம். நார்வேயும் ஐஸ்லாந்தும் இதில் சேர்த்தி. ஸ்விட்சர்லாந்து சேர்த்தி இல்லை, பிரிட்டனும் இப்போது வெளியே. மிலானிலிருந்து லுகானோ ஒரு மணி நேரப் பயணம்தான். ரயிலில் எல்லை தாண்டியதும் கணக்கு மாறிவிடும்.

மூன்றாவது, பயணிகளுக்கான இ-சிம். கார்டு கிடையாது, க்யூஆர் கோடுதான். வீட்டிலிருந்தே வாங்கலாம், ஊர் சிம்மைக் கழற்ற வேண்டாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். ஒரே பயணத்தில் நாலு நாடு என்றால் மொத்த வட்டாரத்துக்கும் ஒரே இ-சிம் கிடைக்கும். பெரும்பாலானவற்றில் நெட் மட்டும்தான், போன் நம்பர் வராது. இந்தியாவில் வெளிநாட்டு சிம் விற்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். அது இல்லை என்று 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்ளை இரண்டு செயலிகளையும் இங்கே ஆப் ஸ்டோர்களிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். அதனால் விளம்பரத்தில் விலையைப் பார்த்ததும் அழுத்தாமல், விற்பவருக்கு அனுமதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

க்யூஆர் கோடு உங்கள் மெயிலுக்கே வரும். அதே போனின் திரையில் இருக்கிற கோடை அதே போனின் கேமரா எப்படிப் பார்க்கும்? நிறையப் பேர் இங்கேதான் திண்டாடுவார்கள். கடைக்கு வந்தால் ஒரு தாளில் பிரின்ட் எடுத்துத் தருவேன். வீட்டில் இன்னொரு போன் இருந்தால் அதில் திறந்து காட்டினால் போதும். கோடு பெரும்பாலும் ஒரு தடவைதான் வேலை செய்யும். ஏற்றிய பிறகு வேலை செய்யவில்லையே என்று அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள், திரும்ப ஏறாது. சில இ-சிம்களுக்கு ஏற்றிய நிமிஷத்திலிருந்தே நாள் ஓட ஆரம்பிக்கும், சிலவற்றுக்கு அங்கே டவர் பிடித்த பிறகுதான். வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். காசு போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஊர் சிம்முக்கு, திரும்பி வருகிற தேதியைத் தாண்டி வேலிடிட்டி இருக்க வேண்டும். பேலன்ஸ் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், வேலிடிட்டி முடிந்தால் கொஞ்ச நாளில் இன்கமிங்கும் நின்றுவிடும். 90 நாள் ஒன்றுமே நடக்காமல் கிடந்தால் நம்பரையே எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுக்கவும் வழி இருக்கிறது. அப்புறம் கம்பெனி ஆப்பில் இன்டர்நேஷனல் ரோமிங்கைத் திறந்து வையுங்கள். பேக் வாங்காவிட்டாலும் இது திறந்திருந்தால்தான் ஓடிபி வரும். வருகிற எஸ்எம்எஸ்ஸுக்கு ரோமிங்கில் பொதுவாகக் காசு இல்லை. வருகிற போன் காலுக்கு உண்டு, அதனால் ஊரிலிருந்து யாராவது கூப்பிட்டால் எடுக்காமல் வாட்ஸ்அப்பில் திருப்பிக் கூப்பிடுங்கள்.

இப்போது குழப்பமான இடம். இரண்டு சிம் இருக்கிற போனில் 'டேட்டா ரோமிங்' என்ற பொத்தான் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனி. ஊர் சிம்மில் அதை அணைக்க வேண்டும். பயண இ-சிம்மில் அதை ஆன் செய்ய வேண்டும், ஏனென்றால் அந்த இ-சிம்மும் பெரும்பாலும் இன்னொரு நாட்டுக் கம்பெனியுடையது, அதற்கும் அது ரோமிங்தான். இதை மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம். காசு கொடுத்த இ-சிம் சும்மா கிடக்கும், ஊர் சிம் எரியும். ராணிப்பேட்டை பாய் ஒருவர் ஹாங்காங்கில் இறங்கி, "நீங்க ஏத்தின இ-சிம் டூப்ளிகேட்டு" என்று சத்தம் போட்டார். அந்த ஒரு பொத்தானைத் தள்ளச் சொன்னேன். "ஆங், வந்துடுச்சு வந்துடுச்சு" என்று அவரே வைத்துவிட்டார்.

அதோடு, ஒரு சிம்மில் நெட் சரியில்லை என்றால் தானாக மற்ற சிம்முக்குத் தாவும் வசதி ஒன்று இருக்கும். ஐபோனில் டேட்டா ஸ்விட்சிங், சாம்சங்கிலும் அதே பெயரை ஒட்டித்தான் இருக்கும். அதை அணையுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பக்கத்தில், ரோமிங்கிலும் மொபைல் டேட்டாவிலும் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். குடும்ப குரூப்பில் காலை வணக்கம் அனுப்புகிறவர்கள் நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்று நிறுத்தப் போவதில்லை. போட்டோ பேக்கப், ஆப் அப்டேட் இரண்டும் வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் நம்பரை மாற்றவா என்று கேட்டால், வேண்டாம். சிம் எதுவாக இருந்தாலும் பழைய நம்பரிலேயே அது ஓடும்.

போகிற ஊரின் மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நெட் இல்லாமலே வழி காட்டும். போனில் இருக்கிற நம்பர்களுக்கு முன்னால் +91 சேருங்கள். வெறும் பத்து இலக்கத்தை அங்கே அழுத்தினால் போகாது. பேங்க்கின் 1800 நம்பரும் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் போகாது, கார்டின் பின்னால் வெளிநாட்டு அழைப்புக்கென்று தனி நம்பர் இருக்கும், அதை எழுதி வையுங்கள். சிம் ஊசியை மறக்காதீர்கள். எல்லாம் எடுத்துவைத்து, மக்கன் பேடா டப்பாவுக்குக்கூட இடம் பார்த்துவிட்டு, இதை மறந்து விமான நிலையத்தில் தோட்டைக் கழற்றிக் குத்தினவர்களை எனக்குத் தெரியும்.

இறங்கிய பிறகு

விமானத்திலும் கப்பலிலும் தனி நெட்வொர்க் இருக்கும். அதன் விலை பேக்கில் அடங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ளைட் மோடிலேயே இருங்கள். இறங்கியதும் எடுத்து, ஐந்து நிமிஷம் விடுங்கள். நெட் வரவில்லை என்றால் ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். அதற்கும் வராவிட்டால் இ-சிம் விற்றவர் அனுப்பிய ஏபிஎன் விவரத்தை (போன் எந்த வாசல் வழியாக நெட்டுக்குப் போக வேண்டும் என்கிற பெயர்) செட்டிங்ஸில் போட வேண்டியிருக்கும், வைஃபையில் உட்கார்ந்து செய்யலாம். விமான நிலைய வைஃபையில் சில இடங்களில் ஓடிபி கேட்பார்கள், ஊர் நம்பர் உயிரோடு இருப்பது அங்கேயும் உதவும்.

குடும்பமாகப் போனால் ஆளுக்கொரு சிம் வேண்டாம். ஒருவர் பெரிதாக வாங்கி மற்றவர்களுக்கு ஹாட்ஸ்பாட் கொடுக்கலாம், ஹாட்ஸ்பாட் அனுமதி உண்டா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். அவர் பவர் பேங்க்கும் தூக்க வேண்டும், பிரிந்து போகவும் கூடாது. ஷாப்பிங் மாலில் இது நடக்காத காரியம்.

எல்லை ஓரத்தில் கவனம். தனுஷ்கோடிக்குப் போனவர்களுக்குத் தெரியும், நின்றது நம் மண், போனில் வருவது இலங்கை டவர். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் போனாலும் அப்படித்தான், மலேசியா டவர் வந்து பிடித்துக்கொள்ளும். நெட்வொர்க்கைத் தானாகத் தேடவிடாமல் கையால் தேர்ந்தெடுத்து வைத்தால் தாவாது.

துபாய், அபுதாபி போகிறவர்கள் வாட்ஸ்அப்பில் பேசலாம் என்று நம்பிப் போகாதீர்கள். அங்கே அந்த அழைப்பு முடக்கப்பட்டிருக்கிறது. மெசேஜும் குரல் செய்தியும் போகும், பேச்சுக்கு போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிதான். ஊரில் இருப்பவர் போனிலும் அதை முன்கூட்டியே ஏற்றிப் பழக்கிவிட்டுப் போங்கள். சீனாவில் உள்ளூர் சிம்மிலும் ஓட்டல் வைஃபையிலும் வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எதுவும் திறக்காது. ஆனால் இந்திய சிம்மில் ரோமிங் பேக் போட்டுப் போனால் திறக்கும், அந்த நெட் சுற்றி நம் கம்பெனி வழியாக வருவதால். குவாங்சோவுக்குச் சரக்கு பார்க்கப் போகிறவர்களுக்கு நான் விலையைப் பற்றிப் பேசாமல் பேக்தான் போடச் சொல்வேன்.

யூபிஐ செயலிகள் ஊர் சிம் போனுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். அதற்காகவும் அந்தச் சிம் தட்டிலேயே இருக்கட்டும்.

திரும்பி வந்ததும்

சென்னையில் இறங்கியதும் நெட்டை ஊர் சிம்முக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் "நெட் வரலை" என்று ஸ்ரீபெரும்புதூர் தாண்டுகிற வரை போனைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆப்பில் மூடுங்கள். நாள் முடிந்த இ-சிம்மை அழித்துவிடலாம். உள்ளூர் சிம்மாக இருந்தால், ஆறு மாதத்துக்குள் மறுபடி போவதாக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் எந்தத் தேதி வரை உயிரோடு இருக்கும் என்று மேலேயே எழுதி. என் கல்லாப்பெட்டியின் கீழ்த்தட்டில் அப்படி "அடுத்த தடவைக்கு ஆகும் தம்பி" என்று கொடுத்துவிட்டுப் போன சிம்கள் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன. ஒன்றிலும் தேதி இல்லை.